முதலில் உப்பைப் பாருங்கள்: கடற்கரை வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

"தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்திருச்சு போல, ஒரு எட்டு வந்து பாக்குறியா?"

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு மெஷின் நின்றாலும் எனக்கு வரும் அழைப்பு இதுதான். பதினைந்து வருடமாக அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று தெரிந்தவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். வைரஸ் வராமல் இல்லை. ஆனால் நம் கரையில் முதல் சந்தேகம் உப்பின் மேல் விழ வேண்டும், இரண்டாவது கரண்ட்டின் மேல். அதற்குப் பிறகுதான் சாஃப்ட்வேர். இந்த வரிசை தெரியாததால்தான் சின்னக் கோளாறுக்கெல்லாம் 'ஃபார்மட்' போட்டு, பிள்ளைகளின் போட்டோக்களையும் சேர்த்து அழித்துவிட்டு நிற்கிறோம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும், வீட்டில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முதல் பரிசோதனையைச் செய்துவிடலாம். கடைக்குப் போக வேண்டி வந்தாலும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவீர்கள்.

உப்பு என்ன செய்கிறது

பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துருவோடு நடந்த போராட்டம் நூறு வருடத்துக்கு மேல் ஓயவில்லை. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், உப்புக்காற்றைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இரும்பையே தின்னும் காற்றுதான் உங்கள் ஜன்னல் வழியாக வந்து, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும் மதர்போர்டின் (பாகங்கள் எல்லாம் செருகியிருக்கும் பெரிய பலகை) மேலும் படிகிறது.

சமையலறை உப்பு ஜாடி ஐப்பசி, கார்த்திகையில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். அதனால் மழை பெய்யாத நாளிலும் போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அதில் கரண்ட்டும் பாய்ந்தால் செம்பு பச்சை பூக்கும், இரும்பு ஆணி சிவக்கும், ரேம் என்ற தற்காலிக நினைவகப் பட்டை செருகும் இடத்தில் தொடர்பு விட்டுவிடும். ரேம் தொடர்பு விட்டால் மெஷின் ஆன் ஆகாது, ஆன் ஆனாலும் நடுவில் நின்றுவிடும். நாம் அதை வைரஸ் என்கிறோம்.

ஆகவே முதல் வேலை, மெஷினை வைக்கும் இடம். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் வேண்டாம். காற்று நேராக அடிக்காத உள்ளறை, தரையிலிருந்து ஒரு முழம் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், அப்போது ஜன்னலைச் சாத்தி வையுங்கள். வேலை முடிந்து அரைமணி நேரம் கழித்து, சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடினால் வெந்துவிடும்.

பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று பயந்து மாதக்கணக்கில் ஆன் செய்யாமல் மூடி வைப்பார்கள். இங்கே அது நேர்மாறாக வேலை செய்யும். வாடைக்காற்றுக் காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே வரும் சூடுதான் ஈரத்தை விரட்டும். லேப்டாப் என்றால், ஓட்டாத நேரத்தில் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் அதே பொட்டலம்தான், தூக்கிப் போடாதீர்கள். ஏ.சி. அறையிலிருந்து லேப்டாப்பை வெளியே கொண்டுவந்தால் உடனே ஆன் செய்ய வேண்டாம். குளிர்ந்த சொம்பின் மேல் வியர்ப்பது மாதிரி உள்ளேயும் வியர்த்திருக்கும், அரைமணி விடுங்கள்.

கரண்ட்

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கிறதா? "லேசாத்தான் அடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் கரண்ட்டின் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. அவை கேபினட்டின் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி, கேபினட்டின் மேலேயே நிற்கும். நமக்குச் சுருக்கென்பது அதுதான். அதே கசிவு யு.எஸ்.பி. வழியாக பிரிண்டருக்கும் போகும், போர்ட்டையும் கொல்லும்.

நம் ஊர் மணல் மேலே காய்ந்துவிடும். காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. எர்த் குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியும் சுருக்கென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் சொருகுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஒடிப்பது எர்த்தைத்தான்.

டெஸ்க்டாப் வைத்திருந்தால், கரண்ட் போனாலும் பேட்டரியில் சிறிது நேரம் தாங்கும் யு.பி.எஸ். அவசியம். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், வேலையைச் சேமித்துவிட்டு முறையாக நிறுத்த அது போதும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த ஃபைலும் திறந்திராத நேரத்தில், சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். உடனே மெஷினும் அணைந்தால் பேட்டரி போய்விட்டது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள், அது இழுக்கும் கரண்ட்டைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது. இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வரும்.

திரையில் ஒன்றும் வரவில்லை

போன கார்த்திகையில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்றணும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆன் செய்து காதைக் கொடுத்துக் கேட்டேன். உள்ளிருந்து 'பீப்... பீப்... பீப்' என்று விடாமல் சத்தம். மதர்போர்டு செத்திருந்தால் அந்தச் சத்தமே வந்திருக்காது. ரேமைக் காணவில்லை என்று போர்டு கத்துகிறது.

இதை நீங்களும் செய்யலாம், அவசரப்படாமல் செய்தால் போதும்.

சுவரில் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். இடது பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள், உங்கள் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். ரேம் என்பது சுமார் பதின்மூன்று சென்டிமீட்டர் நீளப் பச்சைப் பட்டை, இரண்டு முனையிலும் வெள்ளைக் கொக்கி இருக்கும். கொக்கிகளை வெளிப்பக்கம் அழுத்தினால் பட்டை தானே மேலே எழும்.

அக்கா வீட்டு ரேமின் அடிப்பல்லைப் பார்த்தேன். வரிசையாகப் பொன்னிறப் பற்கள். அவற்றில் ஏழெட்டுப் பற்களின் மேல் மட்டும் பாசி பிடித்தது மாதிரி மங்கல். வெள்ளை ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அழிப்பதைவிட மெதுவாக, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேய்த்தேன். ரப்பர்த் துகளை ஊதக் கூடாது, வாய் ஈரம் படும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், அதில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அது தீப்பிடிக்கும் பொருள், அடுப்பங்கரையில் வைத்துச் செய்ய வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் எதையும் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் காயவிட்டு, பட்டையின் நடுவில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று கொக்கி தானே மூடும்.

ஆன் செய்ததும் ஒரே ஒரு பீப். திரை வந்தது. அக்கா அழுதுவிட்டார். சவுதியில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசி இரண்டு வாரமாயிருந்தது.

ரேம் சரி என்றால் மானிட்டர் ஒயரைக் கழற்றி முள்ளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவு கரண்ட் தங்கியிருக்கும்.

தேதி தப்பானால் இன்டர்நெட்டே நின்றுவிடும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். நெட் இருக்கிறது, போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை. உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் பின்னால் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு, அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். மெஷினின் தேதி அதற்கு வெளியே போனால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். தேதியைக் காப்பாற்றுவது மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. பெயர் சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மூன்று வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பழையதை நிமிண்டி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி புதியதை வைத்து, தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய பேட்டரியை உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் தொண்டைக் குழாயை இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும். அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ரொம்ப மெதுவாக ஓடுகிறது

முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம், அப்படியில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. அது ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்மையத்தை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். நேற்றைய சிக்கலும் அதோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மேலே சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று சதவீதம் காட்டும். டிஸ்க் வெகுநேரம் 100-லேயே நின்றால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் தடுமாறுகிறது. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. போடுவதுதான் பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய ஆகச் சிறந்த வைத்தியம், அதே இடத்திலேயே பொருந்தும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விலை ஏறியிருக்கின்றன, ஆகவே இரண்டு மூன்று கடைகளில் கேட்டு வாங்குங்கள். மெமரி நிரம்பியிருந்தால் பிரவுசரில் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடுங்கள். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போய், ஆன் ஆகும்போதே தானாக ஓடும் தேவையில்லாத ஆப்களை டிசேபிள் செய்யுங்கள். சி டிரைவில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும்.

ஃபேன் பெரிதாக இரைகிறது என்றால் உள்ளே கச்சான் காற்று கொண்டுவந்த மணல் அடைத்திருக்கும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறகை ஒரு பென்சிலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுற்றிப் பழுதாகும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள்

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மெஷின் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. அதில் பேங்க் வேலை செய்பவர்கள் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று வழி இருக்கிறது.

உடனே செய்யக்கூடியது, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் 'என்ரோல் நவ்' என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மெஷினில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும்.

இரண்டாவது, விண்டோஸ் 11. இதற்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், பட்டியலில் உள்ள பிராசசர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து. 'டி.பி.எம். இல்லை' என்று காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். பல மெஷின்களில் அது இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் போட்டிருக்கும். தகுதியில்லாத மெஷினிலும் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்பார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். கீழக்கரையில் ஒரு லாத்தாவுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். யூடியூப், வீடியோ கால், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை எல்லாம் அதிலேயே நடக்கிறது. "முன்ன இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை தம்பி" என்றார். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் அதிலேயே வருகிறது.

திருட்டு விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்ய ஒரு சின்ன புரோகிராம் ஓட்டுவார்கள், அதற்காக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த அந்த நிமிடத்தில் உள்ளே வந்தது என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

விண்டோஸ் 11 புதிதாக வாங்கியவர்கள் இன்றே ஒரு வேலை செய்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். போர்டு மாற்றினாலோ பயாஸைத் தொட்டாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. பார்த்து, நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். சாவி தொலைந்தால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் மீட்க முடியாது.

திரையைப் பிடித்துக்கொண்டு மிரட்டினால்

'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்' என்று சத்தத்தோடு ஒரு பக்கம் வரும். எண்ணுக்கு அழைக்காதீர்கள். அது வெறும் வலைப்பக்கம்தான். எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிஜமான கம்பெனி எதுவும் திரையில் போன் நம்பர் போட்டுக் கூப்பிடாது.

சமீப காலமாகப் பரவும் இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது. 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கச் சொல்லும் பெட்டி மாதிரியே இருக்கும். டிக் செய்ததும், விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, பிறகு கண்ட்ரோலோடு வி அழுத்து, பிறகு என்டர் தட்டு என்று மூன்று படி சொல்லும். நீங்கள் டிக் செய்தபோதே ஒரு கட்டளையை அது சத்தமில்லாமல் காப்பி செய்து வைத்திருக்கும். அந்த மூன்று படியையும் செய்தால் வைரஸை உங்கள் கையாலேயே ஏற்றிவிடுவீர்கள். உண்மையான எந்தச் சோதனையும் விண்டோஸ் பட்டனை அழுத்தச் சொல்லாது. செய்துவிட்டீர்கள் என்றால் முதலில் நெட்டை அறுங்கள். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். வேறொரு போனிலிருந்து ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டதும்

எனக்கு விவரம் தெரியாத காலத்தில் என் முதல் கம்ப்யூட்டரை ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் சுத்தமாக ஓடியது. என் தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் ஒன்றுகூட அதில் இல்லை. "சொல்லலியே, டேட்டா வேணும்னு" என்றார்கள். ஃபார்மட் போடலாமா என்று கேட்டபோது சரி என்று தலையாட்டியது நான்தான், ஆனால் அந்தச் சொல்லின் அர்த்தத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. யாராவது ஃபார்மட் என்றால், டிஸ்க்கில் உள்ளது அத்தனையும் அழியும் என்று புரிந்துகொள்ளுங்கள். முதலில் காப்பி எடுங்கள், எடுத்த காப்பியில் நாலு படத்தைத் திறந்து பாருங்கள், அப்புறம் சம்மதியுங்கள். தெரியாமல் அழித்துவிட்டால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் மெஷினை நிறுத்திவிட்டு, மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மேலே எழுதாதவரை சுழலும் டிஸ்க்கில் மீட்க வாய்ப்பு உண்டு, எஸ்.எஸ்.டி.யில் ரொம்பக் குறைவு.

எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர். 1964 டிசம்பர் புயலில் உயிர் மட்டும் மிஞ்சி இந்தப் பக்கம் வந்தார்கள். தாத்தாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்ட எங்கள் வீட்டில் ஒரு படம் இல்லை. காப்பி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் என்பார்கள். நான் செய்வது இது. கம்ப்யூட்டரில் ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. இந்த டிஸ்க்கைக் காப்பி எடுக்கும்போது மட்டும் மாட்டுவேன். எப்போதும் மாட்டியே வைத்திருந்தால் மின்னல் வந்தாலும் வைரஸ் வந்தாலும் இரண்டும் சேர்ந்து போகும். மூன்றாவது, ஒரு பெரிய பென்டிரைவில் போட்டுப் பரமக்குடியில் இருக்கும் அத்தை வீட்டு பீரோவில். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர், உப்புக்காற்றும் குறைவு. அட்டைப் பெட்டியில் வேண்டாம், சிலிக்கா ஜெல்லோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். பென்டிரைவை வருடக்கணக்கில் தொடாமல் வைத்தால் அதில் உள்ளது மங்கிப்போகக்கூடும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அத்தை வீட்டுக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்து வந்து, எல்லாவற்றையும் புதிதாக எழுதி, மேலே தேதியை ஒட்டித் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன்.